கார்டியோ செய்பவர்களுக்கான எளிய வலிமைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டம், வேக நடை, சைக்கிள், நீச்சல் என ஏதோ ஒரு கார்டியோவை, அதாவது மூச்சையும் இதயத்துடிப்பையும் ஏற்றும் பயிற்சியை, வாரத்தில் மூன்று நான்கு நாள் தவறாமல் செய்து வருபவர்களுக்காக எழுதியது இது. வலிமைப் பயிற்சி பக்கம் வரும்போது அவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. செய்யும் தவறும் பெரும்பாலும் ஒன்றுதான்: வலிமைப் பயிற்சியையும் இன்னொரு கார்டியோவாக ஆக்கிவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் சில அந்தத் தவறைத் தவிர்ப்பது பற்றியவை.

வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன். காலுக்கு அதுவே போதாதா?

போதாது. ஒரு மணி நேர ஓட்டத்தில் கால் பல ஆயிரம் முறை தரையை உதைக்கிறது. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் தேவைப்படுவது தசையின் முழுப் பலத்தில் ஒரு பங்குதான். இப்படிச் சின்னச் சுமையைத் திரும்பத் திரும்பத் தாங்கும் உடல் சிக்கனமாக உழைக்கக் கற்றுக்கொள்கிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அதிக விசை தரக்கூடிய வேகத் தசையிழைகள், பளு கனமாக இருக்கும்போதோ தசை களைத்துப்போகும் கட்டத்திலோதான் முழுமையாக வேலைக்கு வரும். நிதானமான ஓட்டத்தில் அவற்றுக்கு வேலை மிகக் குறைவு. வயதாக ஆக முதலில் மெலிவதும் அவைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான கார்டியோ (தீவிரமானது என்றால் 75 முதல் 150 நிமிடம்) வேண்டும் என்கிறது. கூடவே, எல்லாப் பெரிய தசைகளுக்கும் வாரத்தில் 2 நாளாவது வலிமைப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சைக்கிளும் நீச்சலும் மட்டும் செய்பவர்களுக்கு இரண்டாவது பாதி இன்னும் முக்கியம். அந்த இரண்டிலும் எலும்பின் மேல் போதிய பாரம் இறங்குவதில்லை.

எத்தனை நாள், எவ்வளவு நேரம்?

வாரம் 2 நாள், ஒவ்வொன்றும் 40 முதல் 45 நிமிடம். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். நான்கு நாள் கார்டியோ செய்பவர் மூன்றாவது வலிமை நாளைச் சேர்த்தால், அது பெரும்பாலும் களைத்த கால்களோடு அரைகுறையாகச் செய்யும் நாளாகவே முடிகிறது. வாரம் ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் அதையும் விடாதீர்கள். முன்னேற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும்.

எந்தெந்தப் பயிற்சிகள்?

உடல் செய்யும் பெரிய அசைவுகள் ஐந்து: உட்கார்ந்து எழுவது, இடுப்பில் மடங்கி நிமிர்வது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது. இந்த ஐந்தும் வாரத்துக்குள் வந்துவிட்டால் போதும். கைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று இருபது பயிற்சிகள் தேவையில்லை. கீழே செட் என்பது நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று.

முதல் நாள்:
- கோப்லெட் ஸ்குவாட் (டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து): 3 செட், 8–10 முறை
- புஷ்-அப், அதாவது தண்டால்: 3 செட், 6–12 முறை
- ஒரு கை டம்பெல் ரோ (முன்னே சாய்ந்து, தொங்கும் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது): 3 செட், பக்கத்துக்கு 8–12 முறை
- ஒற்றைக் காலில் குதிகால் தூக்குதல்: 2 செட், காலுக்கு 10–15 முறை
- பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடலை நேர்கோடாக அசையாமல் வைத்திருப்பது): 2 செட், 20–45 விநாடி

இரண்டாம் நாள்:
- ரொமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து இடுப்பில் மடங்கி நிமிர்வது; கீழே விளக்கம் உண்டு): 3 செட், 8–10 முறை
- தலைக்கு மேல் டம்பெல் பிரஸ்: 3 செட், 8–12 முறை
- புல்-அப், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது (முடியாவிட்டால் லாட் புல்டவுன், உட்கார்ந்து கம்பியைக் கீழே இழுக்கும் ஜிம் கருவி): 3 செட், 6–10 முறை
- பின்னோக்கி லன்ஜ் (ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்கி எழுவது): 2 செட், காலுக்கு 8 முறை
- இரு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது: 3 செட், 30–40 விநாடி

ஓடுபவர்கள் குதிகால் தூக்குவதை மட்டும் கழித்துவிடக் கூடாது. ஓட்டத்தில் அதிகம் அடிவாங்குவது கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும்தான். பார்க்க எளிதாக இருப்பதால் பலர் துள்ளித் துள்ளிச் செய்கிறார்கள். மேலே ஏற 2 விநாடி, உச்சியில் 1 விநாடி நிறுத்தம், இறங்க 3 விநாடி எடுத்துப் பாருங்கள். பத்தாவதிலேயே எரிச்சல் தெரியும்.

டெட்லிஃப்ட் என்றாலே முதுகு போய்விடும் என்று பயம். எப்படிப் பழகுவது?

முதல் வாரம் எடையே வேண்டாம். நீளமான ஒரு கம்பை முதுகுத்தண்டின் மேல் நெடுக்காக வைத்து, ஒரு கையால் கழுத்துக்குப் பின்னாலும் மறு கையால் இடுப்புக்குப் பின்னாலும் பிடியுங்கள். கம்பு மூன்று இடங்களில் தொட வேண்டும்: பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்புக்குச் சற்று மேல். இப்போது முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். இரு கையிலும் சாமான் இருக்கும்போது பின்னால் திறந்திருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. மேலுடல் தானாக முன்னே சாயும்.

கம்பு வால் எலும்பை விட்டு விலகினால் கீழ்முதுகு கூன் போடுகிறது என்று அர்த்தம். பின்தலையை விட்டு விலகினால் தலை தொங்குகிறது. மூன்று இடமும் விலகாமல் எவ்வளவு தூரம் சாய முடிகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் எல்லை. சிலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, சிலருக்கு முழங்காலோடு சரி. தொடையின் பின்பக்கம் இழுபட ஆரம்பித்ததும் நின்றுவிட வேண்டும். தரையைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இதைத் தவறாமல் 10 முறை செய்ய முடிந்த பிறகு டம்பெல் எடுங்கள். டம்பெல் தொடையை உரசியபடி இறங்க வேண்டும். உடலை விட்டு ஒரு சாண் முன்னால் போனாலும், அதே எடை கீழ்முதுகுக்குப் பல கிலோ கூடினது போல ஆகிவிடும். முதுகுவலி வந்ததாகச் சொல்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிசகியிருக்கும். அடுத்த காரணம், முழங்காலை அதிகம் மடக்கி இதை ஸ்குவாட் ஆக்கிவிடுவது. அப்படிச் செய்தால் பின்தொடைக்கு வேலையே போகாது.

ஸ்குவாட்டில் முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாதாமே?

தாண்டலாம். தொடை எலும்பு நீளமானவர்களுக்குத் தாண்டித்தான் ஆகும். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முழங்கால்கள் உள்பக்கம் சரியக் கூடாது. சுண்டுவிரல் இருக்கும் திசையில் அவற்றைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. எழுந்தால் கணுக்கால் இறுகியிருக்கிறது, குதிகாலின் கீழே 1–2 சென்டிமீட்டர் உயரமுள்ள கெட்டியான பலகையை வைத்துச் செய்யலாம். ஆழம் பிடிபடாதவர்கள் பின்னால் ஒரு தாழ்வான பெஞ்சைப் போட்டு, அதை மெல்லத் தொட்டு எழுங்கள். பொத்தென்று உட்காரக் கூடாது.

தண்டால் ஒன்றுகூட வரவில்லை.

முட்டி போட்டுச் செய்வதைவிட, கைகளை உயரமான இடத்தில் ஊன்றிச் செய்வது நல்லது. தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோடாக இருக்கும் பழக்கம் அதில்தான் வரும். முதலில் இடுப்பளவு உயரமுள்ள, நகராத மேடை. அதில் 12 முறை மூன்று செட் வந்ததும் முழங்கால் உயரத்துக்கு இறங்குங்கள், பிறகு தரைக்கு. முழங்கை உடலிலிருந்து சுமார் 45 டிகிரி விலகியிருக்கட்டும். பக்கவாட்டில் முழுக்க விரித்தால் தோள்மூட்டு வலிக்கத் தொடங்கும்.

எவ்வளவு எடை எடுக்க வேண்டும்?

செட் முடியும்போது "இன்னும் 2 முறை, மிஞ்சிப்போனால் 3 முறை ஒழுங்காகச் செய்ய முடியும்" என்ற நிலையில் இருக்க வேண்டும். இதை வெளியிலிருந்தே பார்க்க முடியும். கடைசி ஓரிரு முறைகளில், நீங்கள் வேகமாகத் தள்ள நினைத்தாலும் எடை மெதுவாகத்தான் ஏறும். பத்தாவது முறையும் முதல் முறையின் அதே வேகத்தில் ஏறினால் எடை போதாது.

கார்டியோவுக்குப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். 2 கிலோ டம்பெல்லை 30 முறை தூக்கி, இடைவிடாமல் அடுத்ததுக்குத் தாவி, வியர்த்து விறுவிறுத்து "நல்ல பயிற்சி" என்று முடிக்கிறார்கள். இதயம் உழைத்தது உண்மை. தசைக்குப் பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. சரியாகச் செய்த வலிமைப் பயிற்சி முடிந்ததும் சட்டை நனையாமல்கூட இருக்கலாம். வியர்வையை வைத்து இதை அளக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் 2 வாரம் மட்டும் வேண்டுமென்றே இலேசாக, 4–5 முறை மிச்சம் வைத்து, 2 செட்டோடு நிறுத்துங்கள். தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத்தான் பழகும்.

ஒவ்வொரு பெரிய பயிற்சிக்கும் முன்னால், அன்றைய எடையில் பாதியை வைத்து 8 முறை, முக்கால் பங்கை வைத்து 4 முறை செய்தால் உடல் சூடாகிவிடும். இவை செட் கணக்கில் வராது.

செட்டுகளுக்கு நடுவே சும்மா நிற்பது நேரத்தை வீணாக்குவது போல இருக்கிறது. ஓய்வைக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். கனமான செட்டில் தசை முதலில் செலவழிப்பது, தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருளை. அது பெரும்பாலும் திரும்ப நிரம்பச் சில நிமிடம் ஆகும். 30 விநாடியில் அடுத்த செட்டைத் தொடங்கினால், தசைக்கு முன்னால் மூச்சு தீர்ந்துபோய் செட் முடிந்துவிடும். ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப் போன்றவற்றுக்கு 2 முதல் 3 நிமிடம் கொடுங்கள், குதிகால் தூக்குதல், பிளாங்க் போன்றவற்றுக்கு 60–90 விநாடி போதும்.

நேரம் இல்லாதவர்களுக்கு நேர்மையான குறுக்குவழி ஒன்று உண்டு. ஒன்றை ஒன்று பாதிக்காத இரண்டை ஜோடி சேர்ப்பது. தண்டால் ஒரு செட், ஒரு நிமிடம் கழித்து ரோ ஒரு செட், இன்னொரு நிமிடம் கழித்து மீண்டும் தண்டால். தள்ளும் தசை ஓய்வெடுக்கும்போது இழுக்கும் தசை உழைக்கிறது. இதனால் 10 நிமிடம் மிச்சமாகும். ஸ்குவாட்டையும் லன்ஜையும் இப்படிச் சேர்க்கக் கூடாது.

எடையை எப்போது கூட்டுவது?

முதலில் எண்ணிக்கை, பிறகு எடை. 8–10 என்று போட்டிருந்தால், மூன்று செட்டிலும் 10 வந்த பிறகுதான் எடை ஏறும். தொடக்க 2 வாரம் முடிந்த பிறகு ஒருவரது ஸ்குவாட் குறிப்பு இப்படிப் போகலாம்:

- 1-ஆம் வாரம்: 12 கிலோ, 8, 8, 8
- 2-ஆம் வாரம்: 12 கிலோ, 9, 8, 8
- 3-ஆம் வாரம்: 12 கிலோ; 10, 9, 9
- 4-ஆம் வாரம்: 12 கிலோ, 10, 10, 10
- 5-ஆம் வாரம்: 14 கிலோ, 8, 8, 7

ஐந்தாம் வாரக் கடைசி செட்டில் 7-க்கு இறங்கியதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். எடை ஏறினால் எண்ணிக்கை இறங்கும், மறுபடி ஏறும். தலைக்கு மேல் பிரஸ்ஸில் மட்டும் பொறுமை அதிகம் வேண்டும். 10 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்குப் போவது ஒரே தாவலில் 25 சதவீதம். அதனால்தான் அதற்கு 12 முறை வரை இடம் கொடுத்திருக்கிறோம்.

சுமையைப் படிப்படியாகக் கூட்டும் இந்த முறையை 1940-களில் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம். காயமடைந்த வீரர்களின் கால் பலத்தை அவர் இப்படித்தான் மீட்டார். இதற்குத் தேவை ஒரு நோட்டும் பேனாவும். எழுதிவைக்காதவர்கள் மூன்று மாதம் கழித்தும் அதே 12 கிலோவையே தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் 4–6 வாரத்தில் எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொண்டதால் வருவது. அதன் பிறகு வேகம் குறைவது இயல்புதான், திட்டத்தை மாற்றிவிடாதீர்கள்.

கார்டியோவும் வலிமையும் ஒன்றையொன்று கெடுக்குமா?

ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தக் கேள்வி தொடங்குகிறது. 10 வாரம், ஒரு குழு வலிமைப் பயிற்சி மட்டும், ஒரு குழு தாங்குதிறன் பயிற்சி மட்டும், ஒரு குழு இரண்டும் செய்தது. இரண்டும் செய்தவர்களின் வலிமை ஏழெட்டு வாரம் வரை ஏறியது, பிறகு நின்று, கடைசியில் சற்று இறங்கியது. ஆனால் அவர்கள் வாரம் 5 நாள் வலிமையும் 6 நாள் கடுமையான கார்டியோவும் செய்தார்கள். வாரம் 2 நாள் வலிமை, 3–4 நாள் கார்டியோ என்பது அதன் பக்கத்தில்கூட வராது. இந்த அளவில், தூங்கவும் சாப்பிடவும் செய்தால், இரண்டும் சேர்ந்தே வளரும். கனமான வலிமைப் பயிற்சி ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்துக்குச் செலவழிக்கும் ஆக்ஸிஜனையும் குறைக்கிறது.

ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் எது முதலில்?

வலிமை முதலில், கார்டியோ பிறகு. களைத்த காலோடு டெட்லிஃப்ட் செய்தால் வடிவம் குலையும். முடிந்தால் இரண்டுக்கும் நடுவே 6 மணி நேரம் விடுங்கள். அன்று வேக ஓட்டம் இருந்து, அதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் காலையில் ஓட்டம், மாலையில் வலிமை என்று மாற்றலாம்.

நான்கு நாள் ஓடுபவருக்கு இப்படி ஒரு வாரம் அமையும்: திங்கள் எளிய ஓட்டம். செவ்வாய் காலை வேக ஓட்டம், மாலை வலிமை முதல் நாள். புதன் ஓய்வு. வியாழன் எளிய ஓட்டம். வெள்ளி வலிமை இரண்டாம் நாள். சனி ஓய்வு. ஞாயிறு நீண்ட ஓட்டம். கடினமானவை இரண்டையும் செவ்வாயிலேயே அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. நாளுக்கு ஒன்றாகப் பரப்பினால் கால் முழுதாக ஆறும் நாளே வாரத்தில் இருக்காது.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏதாவது தவறா?

பழகாத வேலைக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும் பரவலான வலி இயல்பு. எடையைத் தாங்கியபடி இறக்கும் அசைவுதான் அதற்கு முக்கியக் காரணம். இரண்டாவது மூன்றாவது முறையிலேயே பாதியாகக் குறைந்துவிடும். லேசான நடை உதவும்.

இயல்பு அல்லாதவை: மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்தும் வலி, பயிற்சியின் நடுவிலேயே சுரீரென்று வரும் வலி, கை காலில் இறங்கும் மரமரப்பு. இவற்றில் எது வந்தாலும் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். அளவுமீறிச் செய்த பிறகு தசை வீங்கி, சிறுநீர் அடர்பழுப்பாகப் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சை எப்படி விடுவது?

எடை இறங்கும்போது இழுங்கள், ஏற்றும்போது விடுங்கள். அடக்கிப் பிடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் இவற்றில் ஏதாவது இருப்பவர்களும் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு பெருத்து ஓட்டம் மந்தமாகிவிடாதா? பெண்களுக்கு?

வாரம் 2 நாளில், கூடவே கார்டியோவும் செய்பவருக்கு அப்படிப் பெருக்காது. தசையைப் பெருக்கவே முழுநேரமாகப் பாடுபடுபவர்களுக்கே அது ஆண்டுக்கணக்கில் எடுக்கும் வேலை. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்பதால் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வதால், கனமான எடையைப் பெண்கள் தவிர்க்கக் கூடாது, தேடிப்போய் எடுக்க வேண்டும்.

60 வயதுக்கு மேல் தொடங்கலாமா?

கட்டாயம் தொடங்குங்கள். மரியா ஃபியட்டரோன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 கொண்டவர்கள் 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடங்கும் இடம் மட்டும் வேறு: நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் தண்டால், பிடிமானத்தோடு இரு காலிலும் குதிகால் தூக்குதல். எடை கூட்டும் விதி அதே விதிதான்.

புரதம் எவ்வளவு?

உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 96 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவே அவர்களுக்கு.

வீட்டில் கருவி எதுவும் இல்லை.

ஒரு பையும் ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்டும் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) போதும். பையில் புத்தகங்களை அடுக்கி நெஞ்சோடு அணைத்தால் ஸ்குவாட், கையில் தொங்கவிட்டால் ரோ. பேண்டை உறுதியான இடத்தில் மாட்டி இழுக்கலாம். ஒன்றிரண்டு மாதத்தில் கால் இந்தச் சுமையை மிஞ்சிவிடும். அப்போது ஒற்றைக் காலுக்கு மாறுங்கள்: பின்காலை மேடை மேல் வைத்து லன்ஜ், ஒற்றைக் கால் டெட்லிஃப்ட்.

ஓட்டப் போட்டி வருகிறது. வலிமையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், குறையுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் எடையை அப்படியே வைத்துக்கொண்டு செட்டைப் பாதியாக்குங்கள், வாரம் ஒரு முறை போதும். எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் தவறு. களைப்பு மிஞ்சும், பலம் தங்காது. கடைசிக் கால் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவே 5 நாளாவது இருக்கட்டும்.

உடம்பு சரியில்லாமல் மூன்று வாரம் விட்டுப்போனது. முதலிலிருந்தா?

இல்லை. மூன்று வாரத்தில் பலம் பெரிதாகக் குறைந்துவிடாது, மூச்சுதான் முதலில் குறையும். ஆனால் இறக்கும் அசைவுக்குத் தசை பழகிவைத்திருந்த தாங்குதிறன் கொஞ்சம் தேய்ந்திருக்கும், பழைய எடையை அப்படியே எடுத்தால் வலி படுக்க வைத்துவிடும். காய்ச்சல் முழுக்க விட்டு, சாதாரண நடையில் களைப்பு தெரியாத நிலைக்கு வந்த பிறகு நோட்டைத் திறந்து, கடைசியாக எழுதிய எடையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, முதல் வாரம் 2 செட் மட்டும் செய்யுங்கள்.